எந்த கேமரா என்று கேட்ட இரண்டு கடிதங்கள்



சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தை எழுதியவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் இளைஞர். பொன்னேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறார். "மூன்று வருட போனஸில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்திருக்கிறேன். என்னோடு ஷிப்டுக்கு வருகிறவர்களைப் படம் எடுக்க வேண்டும். ஃபோனில் எடுத்தால் விடியற்காலையில் எல்லார் முகமும் மெழுகு பூசியது போல வருகிறது. பையில் அடங்குகிற சின்ன கேமராவாக எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது கடிதம் பழவேற்காட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையிடமிருந்து. முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்துப் பள்ளிக்கு ஒரு கேமரா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன். நண்டு, கிளிஞ்சல், இறால் குஞ்சு, சேற்றில் முளைக்கும் செடி எல்லாவற்றையும் அவர்களே படம் எடுக்க வேண்டும். கேமரா பிள்ளைகள் கையில் தாங்க வேண்டும், அதுதான் கவலை" என்று முடித்திருந்தார்.

இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி. ஒரே வரியில் ஒரே பதிலை எழுதிப் போட எனக்கு மனம் வரவில்லை. திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் போனேன். அவரிடம் இரண்டு சின்ன கேமராக்கள் இருந்தன. ஒன்று ரிக்கோ ஜி.ஆர். 3. மற்றது ஒலிம்பஸ் டஃப் டி.ஜி.-6. இரண்டும் 2019இல் வந்தவை. எடையும் ஏறக்குறைய ஒன்றுதான்: பேட்டரியோடு சேர்த்து முதலாவது 257 கிராம், இரண்டாவது 253 கிராம். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் தோன்றும். நண்பர் ரிக்கோவை மட்டும் மறுபடி கையில் எடுத்து, "ரெண்டையும் கொண்டு போங்கண்ணே. இதை மட்டும் உப்புத் தண்ணிப் பக்கம் காட்டிடாதீங்க" என்றார். அவர் சொன்னதற்கு முழு அர்த்தம் அடுத்த இரண்டு நாளில் புரிந்தது.

முதல் நாள் ரிக்கோவோடு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். இருட்டு விலகாத நேரத்தில், மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் ஏற ஏற, ரயில் பெட்டியே ஆலை வாசல் போல ஆகிவிடுகிறது. சாப்பாட்டுப் பை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தூக்கக் கலக்கம். தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கின்றன. கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் அத்தனை பேரும் ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி பஸ்ஸிலும் ஏறி மறைய அதிக நேரம் ஆவதில்லை. படம் எடுப்பவருக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். வெளிச்சமோ பிளாட்பாரத்து விளக்கும் டீக்கடை பல்பும் மட்டும்.

ரிக்கோவின் பலம் அங்கேதான் தெரிகிறது. காரணம் அதன் சென்சார். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு அது. ரிக்கோவில் அதன் அளவு 23.5 மில்லிமீட்டருக்கு 15.6 மில்லிமீட்டர். பெரிய கேமராக்கள் பலவற்றில் இருக்கும் அதே அளவு. டி.ஜி.-6இன் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் ரிக்கோவுடையது ஏறக்குறைய 13 மடங்கு. மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தது போல. டி.ஜி.-6இன் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும், ரிக்கோவின் லென்ஸ் எஃப் 2.8 வரைதான் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது). இதனால் டம்ளர் பக்கம் மழை இரண்டு மடங்கு வலுவாகப் பெய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் மொத்தமாகச் சேரும் வெளிச்சம் ரிக்கோவில் ஆறேழு மடங்கு அதிகம். வெளிச்சம் போதாதபோது படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது. அதை அழிக்க கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் தேய்க்கிறது. தேய்த்த இடத்தில் தோலின் வரியும் போய்விடுகிறது. ஃபிட்டர் தம்பி சொன்ன மெழுகு முகத்துக்குக் காரணம் இதுதான். ஃபோனுக்குள் இருக்கும் சென்சாரும் டம்ளர் வகைதானே.

இன்னொரு வசதியும் உண்டு. பொதுவாக கேமரா ஆளைத் தேடி ஃபோகஸ் செய்துவிட்டுத்தான் படம் எடுக்கும். மங்கலான வெளிச்சத்தில் அந்தத் தேடலுக்குள் ஆள் நகர்ந்துவிடுவார். ரிக்கோவில் 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மீட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால், தேடாமல் நேரே அந்தத் தூரத்துக்குப் போய் எடுத்துவிடும். பகலில் எஃப் 8இல் இரண்டு மீட்டர் என்று வைத்தால், சுமார் ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை போதுமான தெளிவு கிடைக்கிறது. விடிகாலையில் எஃப் 2.8இல் அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. ஆள் நிற்கும் தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். இரண்டு மீட்டர் என்பது எத்தனை எட்டு என்று கால் தானாகக் கற்றுக்கொள்ளும். ஷட்டர் சத்தம் கிட்டத்தட்ட கேட்பதே இல்லை. ஜப்பானின் தெருப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா இந்த ஜி.ஆர். வகைச் சின்ன கேமராக்களை வைத்துக்கொண்டுதான் பல ஆண்டுகள் டோக்கியோ தெருக்களில் நடந்தார். 1996இல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கிய குடும்பம் இது.

இதில் ஜூம் கிடையாது. ஃபிலிம் காலத்துக் கணக்கில் 28 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டரை மீட்டர் அகலக் காட்சி உள்ளே வரும். ஒருவர் முகம் பெரிதாக வேண்டுமென்றால் அவர் அருகே போயாக வேண்டும். அருகே போனால் பேசாமல் இருக்க முடியாது. அன்று காலை நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் பேசிய பிறகு எடுத்தவை.

ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி விற்கும் அம்மா ஒருவரிடம் அனுமதி கேட்டேன். "என்னை எதுக்கு சாமி எடுக்கிறே? இது எங்க வரும்?" என்று கேட்டார். பத்திரிகைக்கு அல்ல, கேமராவைச் சோதித்துப் பார்க்கத்தான் என்றேன். "அப்போ எனக்கு ஒண்ணு கொடுத்துடு" என்றார். கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எடுத்தேன்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ரிக்கோவை இயக்கியதும் லென்ஸ் வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். தூசிக்கும் தண்ணீருக்கும் தடுப்பு இல்லை. சிப்காட் சாலையில் லாரி போனால் எழும் புழுதியைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் துகளும் அதில் கலந்திருக்கும். லென்ஸ் உள்ளே போகும்போது அந்தத் தூசியும் கூடவே போய்ச் சென்சாரில் உட்காரும். இந்த வகை கேமராவை வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லை, சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். பேட்டரி முழுதாக ஏற்றினால் சுமார் 200 படம் என்பது நிறுவனத்தின் கணக்கு. உள்ளே ஃபிளாஷும் இல்லை. பாலிதீன் பையில் போட்டுச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுப்பதே நல்லது.

இரண்டாம் நாள் டி.ஜி.-6ஐ எடுத்துக்கொண்டு பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி இது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கிறது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, கேமராவை அப்படியே உள்ளே முக்கினேன். ஸ்டுடியோ நண்பர் பக்கத்தில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்ட கேமரா. லென்ஸ் வெளியே நீளாது. ஜூம் முழுதும் கண்ணாடிக்குப் பின்னாலேயே நடக்கிறது. 25 மில்லிமீட்டரிலிருந்து 100 மில்லிமீட்டர் வரை போகும்.

ஆசிரியைக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அதன் 'மைக்ரோஸ்கோப்' முறையை. பொருளுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகே கொண்டு போனாலும் ஃபோகஸ் ஆகிறது. ரிக்கோவின் மேக்ரோ 6 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஈர மணலில் கிடந்த ஒரு கிளிஞ்சலின் விளிம்பைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு வழவழப்பாக இருந்த இடத்தில் வரி வரியாக வளர்ச்சிக் கோடுகள். பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். ஓலைக்குள் ஓலை எந்தப் பக்கம் புகுந்து எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பது திரையில் ஒரு வரைபடம் போலத் தெரிந்தது.

சின்ன சென்சார் என்று முதல் நாள் குறை சொன்னேனே, இரண்டாம் நாள் அதுவே கைகொடுத்தது. பொருளுக்கு மிக அருகே போகும்போது பெரிய சென்சார் கேமராவில் ஃபோகஸ் ஒரு நூல் அளவுக்குத்தான் நிற்கும். நண்டின் கண் தெளிவாக இருந்தால் கொடுக்கு மங்கிவிடும். சென்சார் சிறியதாக இருந்தால் தெளிவின் ஆழம் கூடுகிறது. போதாதென்றால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றைத் தானே ஒன்றாக அடுக்கித் தரவும் டி.ஜி.-6க்குத் தெரியும். பொருள் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜி.பி.எஸ்.ஸும் உள்ளே இருப்பதால், எந்தக் கரையில் எந்தச் செடியைப் பார்த்தோம் என்பதும் படத்தோடு பதிவாகிவிடும். ஓர் ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் எடுத்தால், அந்த ஊர் ஏரிக்கரையின் கணக்குப் புத்தகம் அந்தப் பள்ளியிலேயே இருக்கும்.

பழவேற்காட்டுப் பூநாரைகளைப் படம் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். இரண்டாலும் முடியாது. 200 மீட்டர் தள்ளி நிற்கும் கூட்டத்தை டி.ஜி.-6இன் முழு ஜூமில் எடுத்தால் சட்டத்துக்குள் சுமார் 70 மீட்டர் அகலக் காட்சி வரும். அதில் ஒன்றேகால் மீட்டர் உயரப் பறவை ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. கிட்டே போனால் கூட்டம் பறந்துவிடும், இரை தேடும் நேரத்தில் கலைப்பது பாவம். பறவைக்கு வேறு கேமரா வேண்டும். அதைச் சட்டைப் பையில் தேட வேண்டாம்.

வேறொரு நாள் அதே டி.ஜி.-6ஐ எடுத்துக்கொண்டு பூண்டிக்கும் போனேன். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டிய நீர்த்தேக்கம், அதனருகே தமிழக அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த அதிரம்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே செய்த அகழாய்வு, அந்த மண்ணில் கைக்கோடரி செய்தவர்களின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டு போயிற்று. அந்தக் கற்கருவிகளைப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் அது வெறும் கல்லாகத்தான் தெரியும். சில்லு சில்லாகத் தட்டியெடுத்த பள்ளங்கள் தெரிந்தால்தான் கருவி என்று புரியும். அதற்கு எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். அப்போது ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். அகழ்வைப்பகத்தில் முதலில் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு வராது. வகுப்பறையில் ஜல்லிக் கல்லையும் ஒரு டார்ச்சையும் வைத்தே பிள்ளைகள் இதைப் பழகலாம். தொல்லியல் இடங்களிலிருந்து ஒரு கல்லையும் எடுத்து வரக் கூடாது என்பதையும் அதே பாடத்தில் சொல்லிவிடுங்கள். படம் எடுத்து வருவதே போதும்.

மாலையில் மேகம் மூடியதும் டி.ஜி.-6இன் முகம் மாறிவிட்டது. பூண்டிக் கரையில் நின்றிருந்த ஒருவரை எடுத்தேன். தலைமுடியும் பின்னாலிருந்த மரமும் ஒரே பசை. முழு ஜூமில் அதன் லென்ஸ் எஃப் 4.9 ஆகச் சுருங்கிவிடுவதால் இன்னும் மோசம். ரிக்கோ அன்று கையில் இல்லையே என்று நினைத்தேன். பழவேற்காட்டுத் தண்ணீரில் நின்றபோது ரிக்கோ கையில் இல்லாதது எவ்வளவு நல்லது என்று நினைத்தவனும் நானே.

ஆகவே, ஃபிட்டர் தம்பிக்கு: உங்களுக்கு ரிக்கோ. உங்கள் படம் மனிதர்களைப் பற்றியது, உங்கள் வெளிச்சம் விடிகாலையும் இரவும். விலை அதிகம். வெளிவந்தபோது அமெரிக்காவில் அது சுமார் 900 டாலர், டி.ஜி.-6 சுமார் 450 டாலர். இரண்டாம் கையாக வாங்கினால், கடையிலேயே எஃப் 16 வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஆலைக்குள் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். உங்கள் வேலை மட்டுமல்ல, படத்தில் இருக்கும் நண்பரின் வேலையும் அதில் இருக்கிறது. காண்ட்ராக்டில் இருப்பவர் சங்கடப்பட்டு "சரி" என்றால், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுக்கு வெளியே, ரயிலில், டீக்கடையில், அறையில் சமைக்கும்போது எத்தனையோ படங்கள் காத்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அங்கே வாழ்கிறவர்கள் அழைக்காமல், உரிய அனுமதி இல்லாமல் கேமராவோடு போகாதீர்கள்.

ஆசிரியை அம்மாவுக்கு: உங்களுக்கு டி.ஜி.-6. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை 2021 தொடக்கத்தில் வேறு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அந்த நிறுவனம் 2023இல் ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் டி.ஜி.-7ஐக் கொண்டுவந்தது. கையில் கிடைப்பது எதுவானாலும் உங்கள் வேலைக்குச் சரி. உப்புத் தண்ணீரில் இறங்கி வந்ததும், மூடிகள் நன்றாகப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் நிறைந்த வாளியில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, துணியால் ஒற்றி, நிழலில் காயவையுங்கள். பேட்டரி மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு மணலோ ஒரு தலைமுடியோ ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மூடியைத் திறந்து மூடும் வேலையைப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பொறுப்பாகக் கொடுங்கள். அந்தப் பிள்ளை உங்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டையும் வாங்க வழியில்லாத வாசகர்களே அதிகம் என்பது எனக்குத் தெரியும். கையில் இருக்கும் ஃபோனே போதும். வெளிச்சம் இருக்கும் பக்கமாக ஆளைத் திருப்புங்கள், லென்ஸ் கண்ணாடியைத் துடையுங்கள், ஜூம் செய்யாமல் நடந்து கிட்டே போங்கள். இந்த மூன்றும் ரிக்கோ எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்கள்தான், ஃபோனுக்கும் செல்லும்.

கேமராவைப் பற்றி இத்தனை பேசியதற்குக் காரணம் இருக்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டம் நாளிதழில் படமாக வருவது பெரும்பாலும் விபத்து நடந்தால், வெள்ளம் வந்தால், ஆலையில் தீப்பிடித்தால். அன்றைக்கு மட்டும் கேமராக்கள் வெளியிலிருந்து வருகின்றன. மற்ற நாட்களில் இங்கே லட்சக்கணக்கானோர் எழுந்து, சமைத்து, ரயிலேறி, இரும்பை உருட்டி, வலை வீசி, ஓலை பின்னித் திரும்புகிறார்கள். அந்த நாட்களுக்குப் படம் இல்லை. அதை எடுக்க, அந்த நாட்களை வாழ்கிறவர்களால்தான் முடியும். தம்பியின் கடிதத்தையும் அம்மாவின் கடிதத்தையும் நான் அப்படித்தான் படித்தேன்.

நீங்களும் எடுத்து அனுப்புங்கள். படத்தில் இருப்பவரின் சம்மதத்தோடு, எந்த ஊர், எந்த நேரம் என்ற இரண்டு வரியோடு. அனுப்பும் முன் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இட்லிக்கார அம்மாவின் படத்தைத் தாளில் அச்சிட்டு, போன வாரம் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டு போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தன் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் படத்தின் ஓரத்துக்குப் போயிற்று. "பானையிலேர்ந்து ஆவி கிளம்புறது கூட வந்திருக்கே!" என்றார். பிறகு அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, காசு டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். அடுத்த ரயில் வந்துவிட்டது. நான் நகர்ந்துகொண்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்